சில்வர் ஓக்கா, தகர ஷெட்டா, ஜீப்பா? ஏற்காட்டில் இடி இடித்தால் எங்கே ஒதுங்குவது

கோடையில் மழை எப்போது வரும் என்று கேட்டால் எங்கள் மேஸ்திரி வானத்தைப் பார்க்க மாட்டார், கைக்கடிகாரத்தைத்தான் பார்ப்பார். காலையில் வெயில் சுள்ளென்று அடித்தால் போதும், 2 மணிக்கு மேல் சேர்வராயன் கோயில் பக்கம் மேகம் திரண்டு, 3 மணிக்கெல்லாம் கடமுடவென்று ஆரம்பித்துவிடும். காப்பி பூக்க இந்த மழைதான் வேண்டும் என்பதால் எஸ்டேட்டில் யாரும் இதைத் திட்டுவதில்லை. ஆனால் கவாத்து, நிழல் மரம் கழிப்பது, குழி எடுப்பது என்று ஆட்கள் நாள் முழுக்க வெளியில் நிற்பதும் இதே வாரங்களில்தான்.

பல வருஷமாக ஆள் கணக்கு எழுதுகிற வேலை எனக்கு. இடி கேட்டதும் ஆட்கள் ஓடுகிற இடங்கள் நான்கு: மரத்தடி, தகர ஷெட், வண்டி, லைன் வீடு (எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடு). நான்கையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்துவிடலாம்.

மரத்தடி. இதற்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. ஆனாலும் எல்லோரும் முதலில் போவது அங்கேதான், ஏனென்றால் நனையாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அந்த நேரத்தில் தலையில் ஓடுகிறது. மழையிலிருந்து தப்பிக்கிற இடமும் மின்னலிலிருந்து தப்பிக்கிற இடமும் வேறு வேறு என்பதை நான் புரிந்துகொண்டது ஒரு சில்வர் ஓக் மரத்தைப் பார்த்துத்தான். முந்தின நாள் சாயங்காலம் இடி விழுந்த மரம். உச்சியிலிருந்து வேர் வரைக்கும் ஒரு சாண் அகலத்துக்குப் பட்டை உரிந்து, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. உரிந்த துண்டுகள் பத்து தப்படி தள்ளிக் காப்பிச் செடி மேல் கிடந்தன. மரத்தில் ஏற்றியிருந்த மிளகுக் கொடி ஒரே வாரத்தில் கருகிப்போனது. மின்னல் பாயும் பாதையில் வெப்பம் 30,000 டிகிரி செல்சியஸ் வரை போகும். பட்டைக்குள் இருக்கிற ஈரம் ஒரே நொடியில் ஆவியாகி வெடிப்பதால்தான் மரம் இப்படி உரிகிறது.

அடியில் நிற்கிற ஆளுக்கு மின்சாரம் இரண்டு வழியில் வரும். ஒன்று, மரத்திலிருந்து பக்கவாட்டில் ஆள் மேல் தாவுவது. இன்னொன்று, வேர் வழியாக மண்ணில் பரவிக் கால் வழியாக ஏறுவது. மரத்தைத் தொடாமல் நிற்கிறேன் என்பது ஒரு சமாதானமே இல்லை. மரத்தடியில் ஒதுங்கிய மாடுகள் கூட்டமாகச் செத்துக் கிடப்பதும் பெரும்பாலும் இந்தத் தரை மின்சாரத்தால்தான். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி அதிகம், அதனால் உடம்புக்குள் பாய்வதும் அதிகம்.

தகர ஷெட் என்றதும் "இரும்பு இடியை இழுக்குமே" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. மின்னல் இரும்பைத் தேடி வருவதில்லை. சுற்றுவட்டத்தில் உயரமாக, தனியாக, கூராக நிற்பது எதுவோ அதைத்தான் தேடும். ஷெட்டின் குறை வேறு. உரம் வைக்க, சோறு சாப்பிட என்று நான்கு கம்பம் நட்டு மேலே தகடு போட்ட கூரைகளுக்குப் பக்கச் சுவரும் இல்லை, மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிட ஒழுங்கான வழியும் இல்லை. கூரையில் விழுந்தது கம்பம் வழியாக இறங்கும்போது, கம்பத்தில் சாய்ந்து நிற்கிறவரையும் ஒரு வழியாக எடுத்துக்கொள்ளும். மரத்தடிக்கு இது பரவாயில்லை என்று சொல்லலாம், அதற்கு மேல் சொல்ல முடியாது. தார்ப்பாய்க் கொட்டகை, பஸ் ஸ்டாப் நிழற்குடை, திறந்த மண்டபம் எல்லாம் இதே ஜாதி.

வண்டியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டயர் ரப்பர் என்பதால் காப்பாற்றும் என்பார்கள், அது தவறு. வானத்திலிருந்து கிலோமீட்டர் கணக்கில் காற்றைக் கிழித்துக்கொண்டு வருவதற்கு அரை அடி ரப்பர் என்ன தடை? காப்பாற்றுவது தலைக்கு மேல் இருக்கிற உலோகக் கூரையும் சுற்றியுள்ள உலோக உடம்பும்தான். மின்சாரம் வெளிப்பக்கமாகவே ஓடித் தரைக்குப் போய்விடும். கூரையும் கதவும் இரும்பாக உள்ள வண்டியில் கண்ணாடியை ஏற்றி, உலோகத்தைத் தொடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டால் நல்ல பாதுகாப்பு. ஆனால் ஏற்காட்டு எஸ்டேட்களில் ஓடுகிற பழைய ஜீப்களில் பாதிக்கு மேலே படுதாதானே! படுதா ஜீப், பிக்கப்பின் பின்பக்கம், டிராக்டர், ஆட்டோ, பைக் எல்லாம் வெட்டவெளிக்குச் சமம். கேபின் மூடிய லாரி, ஜேசிபி என்றால் ஒதுங்கலாம்.

லைன் வீடு, ஸ்டோர், பங்களா மாதிரி சுவரும் கூரையும் கரண்ட் வயரிங்கும் உள்ள கட்டடம்தான் நான்கில் முதலிடம். விழுந்தாலும் வயர், குழாய், சுவர் வழியாக மண்ணுக்குப் போகும். அதனாலேயே உள்ளே போனபின் குழாயில் கை கழுவக் கூடாது, சுவரில் சாயக் கூடாது, சார்ஜில் போட்டபடி போன் பேசக் கூடாது. சார்ஜில் இல்லாத செல்போனால் ஆபத்தில்லை.

அப்படியென்றால் கட்டடத்துக்கே போய்விடலாமே? அங்கேதான் மலை குறுக்கே நிற்கிறது. எங்கள் மேல் பிளாக்கிலிருந்து லைன் வீட்டுக்கு இறங்க 25 நிமிஷம்.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணுகிற கணக்கு பலருக்கும் தெரியும். 3 நொடிக்கு 1 கிலோமீட்டர், 30 நொடிக்கு 10. முப்பதுக்குள் இடி கேட்டால் வேலையை நிறுத்து, கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் கழித்துத்தான் வெளியே வா என்பது விதி. எங்கள் அப்பாயி மின்னல் வெட்டியதும் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்ல ஆரம்பிப்பார். கடிகாரம் இல்லாத இடத்தில் அதையே நொடிக்கணக்காக வைத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியதுண்டு. சேலம் ஐந்து ரோடு பக்கம் கட்டட வேலை நடக்கிற இடத்தில் இந்தக் கணக்கு சரியாக வரும். சாரத்திலிருந்து இறங்கித் தெருவுக்கு எதிர்ப்பக்கம் போனால் கடையோ வீடோ இருக்கும், இரண்டு நிமிஷ வேலை. அங்கே பார்க்க வேண்டியது ஒன்றுதான்: மொட்டை மாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளுக்கு நடுவே கடைசி பாண்டு கான்கிரீட்டையும் கொட்டிவிட்டு வருகிறேன் என்று யாரும் நிற்கக் கூடாது. கருப்பூர்ப் பக்கம் போல வெடி வைக்கிற சுரங்கம், குவாரி என்றால் கதையே வேறு. மின்னல் பக்கத்தில் விழுந்தாலே எலக்ட்ரிக் கேப் (வெடிமருந்தைக் கரண்ட் கொடுத்து வெடிக்க வைக்கிற திரி மாதிரியானது) வெடித்துவிடக் கூடும், அதனால் மருந்து நிரப்புவதை நிறுத்திவிட்டு எல்லோரும் விலகியாக வேண்டும்.

மலையில் அதே கணக்கு பொய்த்துப்போகிறது. மூடுபனியில் மின்னல் தெரியாது, இடி மட்டும் பள்ளத்தாக்கில் முட்டி மோதி மூன்று தரம் கேட்கும். எந்த இடி எந்த மின்னலுக்கு உரியது? சரியாகவே எண்ணினாலும், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிற மேகம் 10 கிலோமீட்டரைக் கடக்க 20 நிமிஷம். எங்களுக்கோ இறங்க 25. மழை வரட்டும், பார்க்கலாம் என்றும் இருக்க முடியாது, மழை பெய்யாத இடத்தில்கூட மேகத்துக்கு 10 கிலோமீட்டர் தள்ளி மின்னல் இறங்கும். ஆகவே மேல் பிளாக்கில் எண்ணிக்கையே வேண்டாம். முதல் இடி காதில் விழுந்தால் இறங்கு.

தாமினி செயலியை இதோடு ஒப்பிடலாம். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. நாம் இருக்கிற இடத்தைச் சுற்றி 20, 40 கிலோமீட்டர் வட்டம் போட்டு, கடந்த சில நிமிஷங்களில் மின்னல் விழுந்த இடங்களைப் புள்ளியாகக் காட்டும். காதுக்கு எட்டாத தூரத்தையும் சொல்வதால் எங்களுக்குத் தேவையான அந்தக் கூடுதல் அரைமணி இதில்தான் கிடைக்கிறது. சிக்கல் என்னவென்றால் மேல் பிளாக்கில் சிக்னல் கிடைப்பது ஒரே ஒரு மொட்டைப் பாறை உச்சியில். இடி வருகிறதா என்று பார்க்க, இடி விழ வசதியான இடத்தில் ஏறி நிற்க வேண்டும்! அதனால் செயலி பார்ப்பது ஆபீஸில் இருக்கிற ஆள் வேலை. ஓமலூர், அரூர் பக்கம் புள்ளி விழ ஆரம்பித்தால் அவர் வண்டியை மேலே அனுப்புவார். செயலி கண்ணில் எதுவும் காட்டவில்லை, ஆனால் இடி கேட்கிறது என்றால் காதுதான் ஜெயிக்க வேண்டும்.

இடிதாங்கி வைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று விற்க வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு கம்பி நட்டால் 100 மீட்டர் சுற்றளவுக்குக் கவலையில்லை என்பார்கள், நான் நம்புவதில்லை. சாதாரண இடிதாங்கி காப்பது அது நிற்கிற கட்டடத்தைத்தான், தோட்டத்தில் நிற்கிற ஆளை அல்ல. அதுவும் எர்த் சரியாக இருந்தால். இந்த மலை முழுக்கச் சார்னோகைட் பாறை. இரண்டடியில் பாறை தட்டினால் எர்த்துக்குக் கரியும் உப்பும் போட்டுக் குழி எடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். லைன் வீட்டுக்கு வைக்கலாம், தோட்டத்துக்குப் பதில் ஆகாது.

யாராவது அடிபட்டுவிட்டால் தொடத் தயங்க வேண்டாம், உடம்பில் கரண்ட் தங்காது. பேச்சு மூச்சில்லாமல் கிடப்பவரைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். 108-ஐக் கூப்பிடச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக்கொண்டே இருங்கள். இடி அடித்து நின்ற இதயம் மறுபடி ஓடுவது உண்டு.

இத்தனை ஒப்பிட்டும் ஒன்றை விட்டுவிட்டேன், சம்பளம். 3 மணிக்கு இறங்கினால் அரை நாள் வெட்டு என்று முன்பு ஒரு தோட்டத்தில் வழக்கம் இருந்தது. ஒரு அக்கா என்னிடமே கேட்டார்: "சார், இடி விழுந்தாத்தான் விழும், சம்பளம் வெட்டுனா கண்டிப்பா வெட்டுவீங்கல்ல?" பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது இருக்கிற இடத்தில் ஏப்ரல், மே இரண்டு மாதமும் வேலை காலை 7 மணிக்கு ஆரம்பித்து 2 மணிக்கு முடிகிறது, முழு நாள் கணக்கு. நான்கு ஒதுங்குமிடத்தையும் விட இது மலிவு. 2 மணிக்கு முன்னாலேயே முந்திக்கொண்டு வருகிற இடிக்கு மட்டும்தான் வண்டி. மேல் பிளாக்கில் வேலை உள்ள நாளில், கதவும் இரும்புக் கூரையும் உள்ள வண்டி காலையிலேயே கேட் பக்கம் மூக்கைத் திருப்பி நிற்கும். ஒன்பது பேர் ஏறலாம், எங்கள் ஆட்கள் பதினாலு. அதனால் முதல் நடை வயசானவர்களுக்கு, மீதிப் பேர் அந்நேரமே நடக்க ஆரம்பித்துவிட வேண்டும். திரும்பி வருகிற வண்டி அவர்களைப் பாதி வழியில் ஏற்றிக்கொள்ளும்.