பிளாஸ்மா 6: கரண்ட் போனால் ஞாபகம் இருக்கிறது, மூடித் திறந்தால் மறந்துபோகிறது

"டெபியன் 12-லயே இருக்கட்டுமா, 13-க்குப் போயிடலாமா?" என்று முந்தாநாள் ராத்திரி ஒருவர் போனில் கேட்டார். டெபியன் என்பது ஒரு லினக்ஸ் இயங்குதளம், அதில் நான் வைத்திருக்கும் திரைமுகப்பு பிளாஸ்மா. என்னைப் போலவே வீட்டிலிருந்து மெய்ப்பு பார்த்துப் பிழைப்பவர். அவர் கேட்ட நேரம் சரியில்லை. தட்டச்சுச் செயலியான ரைட்டரை மூன்றாவது முறையாக மூடித் திறந்திருந்தேன், அதுவும் மூன்றாவது முறையாகத் தப்பான திரையின் நட்டநடுவில் வந்து உட்கார்ந்திருந்தது. "போகாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு கொஞ்சம் உறுத்தியது. நான் மட்டும் ஏன் திரும்பிப் போகவில்லை?

என் மேசையில் 14 அங்குல லேப்டாப், அதற்கு இடப்பக்கம் 24 அங்குல மானிட்டர். ஸ்கேன் செய்த மூலப் பிரதி, பிடிஎஃப் காட்டும் ஆக்குலரில், பெரிய திரையில் இருக்கும். தட்டச்சான கோப்பு ரைட்டரில், லேப்டாப்பில் இருக்கும். கண் இடமும் வலமுமாகப் போய் வரும். பல வருடப் பழக்கம், யோசிக்காமல் நடக்கிற காரியம். டெபியன் 12-இன் பிளாஸ்மா 5.27-இல், ஜன்னல்களைத் திரையில் காட்டும் பழைய ஏற்பாடான எக்ஸ்11-இல் ஓடிய காலம் முழுக்க, எந்த ஜன்னலை எங்கே மூடினேனோ அங்கேயே மறுநாள் திறக்கும். அதை ஒரு வசதி என்று நினைத்ததுகூட இல்லை. வீட்டுக் கதவு நேற்று இருந்த இடத்திலேயே இருப்பதை யார் பாராட்டுவார்கள்?

டெபியன் 13-இல் வருவது பிளாஸ்மா 6.3. ஆறாம் வரிசையிலிருந்து, எக்ஸ்11-க்குப் பதிலாக வந்த வேலாண்ட்தான் இயல்பான அமர்வு. வேலாண்டில் ஒரு செயலிக்குத் தன் ஜன்னல் திரையில் எந்த இடத்தில் இருக்கிறது என்றே தெரியாது, 'என்னை இங்கே வை' என்று கேட்கவும் முடியாது. எல்லாம் பிளாஸ்மாவின் ஜன்னல் மேலாளரான கேவின் வைத்த இடம். ஒரு செயலி இன்னொன்றின் மேல் போய் உட்கார்ந்து ஏமாற்றக் கூடாது என்பதுபோன்ற காரணங்கள் இதற்கு உண்டு, அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் விளைவு என்ன? ரைட்டர் தன் பழைய இடத்தைக் குறித்து வைத்திருந்தும் பயனில்லை. கடைசியாக எந்தத் திரையில் கை வைத்தேனோ அந்தத் திரையின் நடுவில் திறக்கிறது. 6.1 முதல் லாகின் செய்ததும் நேற்றுத் திறந்திருந்தவை தாமாகத் திறந்துகொள்கின்றன, அது நல்ல விஷயம். திறந்து, எல்லாம் நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக, கல்யாண வீட்டுச் செருப்பு மாதிரி.

விண்டோ ரூல் போடலாமே என்பீர்கள். போட்டேன். தலைப்புப் பட்டையில் வலது கிளிக் செய்து, ஆக்குலருக்கு இடத்தை நிர்ணயித்து, திறக்கும்போது மட்டும் இது செல்லுபடியாகட்டும் என்று வைத்தேன். அருமையாக வேலை செய்தது, இரண்டாவது பிடிஎஃப் திறக்கும் வரை. ஆசிரியர் அனுப்பிய சொற்பட்டியல் அது. மூலப் பிரதியை அச்சாக மறைத்துக்கொண்டு அதே இடத்தில் வந்து விழுந்தது. விதி செயலிக்குப் போட்டது, அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஜன்னல் தலைப்பை வைத்து விதி எழுதலாம், ஆனால் என் கோப்புகளின் பெயர் வேலைக்கு வேலை மாறும். கடைசியில் விண்டோஸ் பட்டன், ஷிஃப்ட், அம்புக்குறி என்று தினமும் காலையில் நாலு தட்டு தட்டி அடுக்கிக்கொள்கிறேன். பத்து விநாடி வேலைதான். பத்து விநாடிக்காக ஒருவன் இவ்வளவு எழுதுகிறான் என்றால் அது எப்பேர்ப்பட்ட பத்து விநாடி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வேடிக்கை என்னவென்றால் இதற்கு ஞாபகசக்தியே இல்லை என்றும் சொல்ல முடியாது. எங்கள் தெருவில் கரண்ட் போகும். மானிட்டர் அணையும், லேப்டாப் பேட்டரியில் ஓடும். பெரிய திரையில் இருந்ததெல்லாம் சின்னத் திரைக்கு ஓடி வரும். கரண்ட் வந்ததும் ஒவ்வொன்றும் தன் பழைய இடத்துக்கே திரும்பிப் போய் நிற்கும், ஒரு விரல்கடை பிசகாமல். முதல் தடவை பார்த்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். அப்படியானால் நீ மறக்கவில்லை, மூடிவிட்டால் மட்டும் என்னை மறக்கிறாய்.

சரி, பிறகு ஏன் எக்ஸ்11-க்குத் திரும்பவில்லை? லாகின் திரையில் ஒரு தேர்வுதான். ஒரு நாள் திரும்பினேன். மதியத்துக்குள் வந்துவிட்டேன். காரணம் ஒரு துணையெழுத்து.

சின்ன எழுத்தில் 'ர'வும் காலும் ஒன்றுபோலத் தெரிவதுதான் எங்கள் தொழிலின் ஆயுள் தண்டனை. 'ர்' வர வேண்டிய இடத்தில் காலுக்கு மேல் புள்ளி வைத்து அடித்துவிடுவார்கள், கண்ணுக்குத் தெரியாது, தேடினால் மட்டும் கிடைக்காது. லேப்டாப்புக்கு 125 சதவீதம், மானிட்டருக்கு 100 என்று தனித்தனியாக அளவு வைப்பது வேலாண்டில்தான் முடிகிறது. எக்ஸ்11-இல் இரண்டுக்கும் ஒரே அளவு. போதாததற்கு 6.3-இல் பின்ன அளவுகளில் வரைவதைத் திருத்தி, ஜன்னல்களைத் திரையின் பிக்சல் கட்டத்தோடு பொருந்த வைத்திருக்கிறார்கள். லேப்டாப்பில் முன்பு மங்கலாக இருந்த புள்ளி இப்போது புள்ளியாக இருக்கிறது. ராத்திரி பதினோரு மணிக்கும் 'ணை'யின் சுழி எண்ண முடிகிறது. என்ன திட்டினாலும் இதை விட்டுப் போக மனம் வரவில்லை.

மற்றவை சில்லறை. தமிழ்99 விசைப்பலகைக்கு எஃப்சிட்எக்ஸ்5 என்ற உள்ளீட்டுச் செயலி வைத்திருக்கிறேன். அதை சிஸ்டம் செட்டிங்ஸில் விர்ச்சுவல் கீபோர்டு என்ற பக்கத்தில் போய்த் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது யாருக்குத் தோன்றும்? தெரிந்த பிறகு தொல்லை இல்லை, அ-ம-ம-ஆ என்று நாலு தட்டில் 'அம்மா' முன்போலவே புள்ளியோடு வருகிறது. மவுஸை வேகமாக ஆட்டினால் அம்புக்குறி பூதாகாரமாக வளர்வது குழந்தைகளுக்குப் பிடித்திருக்கிறது. கோப்பைத் திறக்க ஒரு கிளிக் போதும் என்றிருந்ததை இரண்டாக்கிவிட்டார்கள், அது ஒரு தேர்வை மாற்றினால் சரியாகிவிடும். 2008-இல், பிளாஸ்மாவைச் செய்கிற கேடிஇ-யின் 4.0 குறைகளோடு வந்தபோது பட்டவர்களுக்கு இதெல்லாம் கொசுக்கடி.

நேற்று அந்த நண்பரைத் திரும்ப அழைத்தேன். எத்தனை மானிட்டர் என்று விசாரித்தேன். ஒன்றுதானாம், 19 அங்குலம், அளவு கூட்டுகிற வேலையே இல்லை. "அப்போ உங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்லைங்க. 12-க்கு 2028 ஜூன் வரைக்கும் எல்டிஎஸ், அதான் நீண்டகாலப் பாதுகாப்புத் திருத்தம், இருக்கு, நிம்மதியா இருங்க" என்றேன்.

"முந்தாநாள் ராத்திரியே ஏத்திட்டேனே" என்றார். "அது கிடக்கட்டும், ஒரு ஃபைலைத் திறக்க இப்போ ரெண்டு தடவை தட்டணுமா?"