ஓடை மீனா, பண்ணை மீனா, வாய்க்கால் கெண்டையா?

போன மாதம் வீட்டுக்கு வந்த மாமா பையன் என் தொட்டியைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "ஏனுங்க மச்சான், வால்பாறைப் பக்கம் ஓடையில இதவிட அழகா மீன் கெடக்குதுங்களே, புடிச்சுட்டு வந்து உட்டா ஆகாதுங்களா? எதுக்குங்க காசு குடுத்து வாங்கறீங்க?" நியாயமான கேள்விதான். இரண்டு விதமாகவும் வளர்த்துப் பார்த்தவன் என்பதால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் ஓடை மீன். பத்து வருடத்துக்கு முன்னால், ஆனைமலை அடிவாரத்தில் நண்பர் தோட்டத்தை ஒட்டி ஓடும் ஓடையிலிருந்து, பாறையில் ஒட்டிக்கொண்டு வாழும் விரல் நீள மீன்கள் ஒன்பதைப் பிடித்து வந்தேன். பவானியா என்று நம் பவானி ஆற்றின் பெயரையே பேரினப் பெயராகக் கொண்ட மலையோடை மீன் ஒன்று உண்டு, அந்த மாதிரி வகை. முதல் நாள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றபோது வெளுத்த வயிறும் விசிறி மாதிரி விரிந்த துடுப்புகளும் அவ்வளவு அழகு. மூன்றாம் நாள் ஒன்பதும் ஃபில்டர் தண்ணீர் கொட்டுகிற மூலைக்கு வந்து, ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, செவுளைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. குளிர்ந்து வேகமாக ஓடும் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனுக்குப் பழகிய உயிர், அந்தத் தொட்டிக்குள் அதற்கு மூச்சு விடக் கிடைத்தது அந்த ஒரு மூலைதான். கல்லில் படரும் பாசியைச் சுரண்டித் தின்பவை, நான் போட்ட தீனியைத் தொடவே இல்லை. பன்னிரண்டாம் நாள் கடைசி மீனும் செத்தது. அதை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டமாக இருக்கிறது.

சட்டமும் இருக்கிறது. வால்பாறையைச் சுற்றி ஆனைமலைப் புலிகள் காப்பகம், அந்தக் காட்டு ஓடையில் மீன் பிடிப்பதே குற்றம்.

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், 'மிஸ் கேரளா' என்று பெயர் வாங்கிய டெனிசன் பார்ப் பட்ட பாடு இன்னும் பெரியது. சில ஆறுகளில் மட்டுமே இருக்கிற மீன். 2005 முதல் 2012 வரை இந்தியாவிலிருந்து 3 லட்சத்துக்கும் மேல் ஏற்றுமதி ஆனது. இன்று அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. இத்தனைக்கும் அது தொட்டியில் நன்றாகவே வாழக்கூடியது, பண்ணையில் பொரித்த குஞ்சும் கிடைக்கிறது. கடைக்காரரிடம் "இது பண்ணையில பொரிச்சதுங்களா, ஆத்துல புடிச்சதுங்களா?" என்று கேளுங்கள், பதில் தெரியாவிட்டால் வாங்காதீர்கள்.

ஆனால் காட்டு மீன் பிடிப்பதெல்லாம் பாவம் என்று நான் சொல்லமாட்டேன். பிரேசிலில் ரியோ நெக்ரோ ஆற்றங்கரையில் பார்செலோஸ் என்று ஒரு ஊர், அங்கே கார்டினல் டெட்ரா என்ற சின்னத் தொட்டி மீனைப் பிடித்து விற்பதுதான் பல குடும்பங்களுக்குச் சோறு. வெள்ளத்தில் காட்டுக்குள் புகுந்து பெருகும் மீன், தண்ணீர் வடியும்போது குட்டைகளில் சிக்கி ஏராளமாகச் செத்துப்போகும், அதனால் கைவலையில் அள்ளுவதால் ஆற்றுக்குப் பெரிய நட்டமில்லை. அந்த வருமானம் இருக்கும்வரை காட்டை வெட்ட வேண்டிய தேவையும் குறைகிறது. ஆக, எந்த மீன், எத்தனை இருக்கிறது, பிடிப்பவருக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கடல் மீனைப் பற்றி ஒரு வார்த்தை: க்ளவுன் மீனைப் பண்ணையில் பொரிக்கிறார்கள், மற்றதில் பெரும்பாலானவை பவளப்பாறையிலிருந்து நேராகப் பிடித்தவை, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கம் சயனைடு அடித்து மயக்கிப் பிடித்ததும் உண்டு. நான் கடல் தொட்டி வைப்பதில்லை.

அடுத்து பண்ணை மீன். கப்பி, மோலி, ஏஞ்சல் எல்லாம் சிமெண்ட் தொட்டியில் பிறந்து, தீனி தின்று வளர்ந்தவை. சிறுவாணித் தண்ணீர் வராத வீட்டிலும், நம் ஊர் உப்புப் போர் தண்ணீரில் கப்பியும் மோலியும் ஜோராக இருக்கும். எந்த ஆறும் காலியாவதில்லை. எனக்கு இதில் கோபம் இரண்டு. ஒன்று, உடம்பு கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் கண்ணாடி மீனுக்கு ஊசியால் சாயம் ஏற்றி விற்பது, அதைக் காசு கொடுத்து வாங்குகிறவரும் அந்தக் கொடுமைக்குத் துணைதான். இன்னொன்று, தொட்டிப் பாசியைத் தின்று சுத்தம் செய்யும் என்று விற்கிற டேங்க் கிளீனர் மீன். விரல் நீளத்தில் வாங்குவது ஒரு முழத்துக்கு வளர்ந்ததும், கொல்ல மனசில்லாமல் குளத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். முள்ளும் கவசமுமாக வலையைக் கிழிக்கும், கரையில் பொந்து தோண்டி முட்டையிடும், பெருகினால் நம் கெண்டைக்கும் அயிரைக்கும் இடமிருக்காது. பாவம் பார்த்து விடுகிற அந்த ஒரு மீனால் ஒரு குளமே கெடும். கடையில் திருப்பிக் கொடுங்கள், இல்லை வாங்காமலே இருங்கள்.

என் ஓட்டு பண்ணை மீனுக்குத்தான். கூடவே மாமா பையனுக்கு மூன்றாவதாக ஒரு வழியும் சொன்னேன். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் நிறுத்தியதும், அங்கங்கே தேங்கி வற்றுகிற குட்டையில் சாதாக் கெண்டைக் குஞ்சுகள் துடிக்கும், கொக்குகள் வரிசையாக நிற்கும். சின்ன வயதில் அப்பாரு துண்டை விரித்துப் பிடித்துக் கொடுப்பார். அதில் ஐந்தாறு எடுத்தால் வாய்க்காலுக்கு ஒன்றும் ஆகாது. போன ஞாயிற்றுக்கிழமை போய் ஆறு குஞ்சு கொண்டு வந்திருக்கிறான். தொட்டிக்கு மூடி போடச் சொல்லியிருக்கிறேன், கெண்டை துள்ளும். கடை மீனோடு சேர்க்காமல் தனியாக வைத்தால், தண்ணீர் திறந்ததும் நோய் ஒட்டாமல் அதே வாய்க்காலில் விட்டுவிடலாம்.