புதிதாக வந்த பாம்புக்குத் தனி இடம் தேவையா? காட்பாடிக் கடையொன்றின் தனிமைப்படுத்தல் தொகுப்பு குறித்து

காட்பாடியில் அயல்நாட்டுச் செல்லப்பிராணிகளுக்கான பொருள்களை விற்கும் ஒரு சிறிய கடை, புதிதாக வீட்டுக்கு வரும் பாம்பைத் தனியே வைத்துக் கவனிப்பதற்கென்றே ஒரு தொகுப்பை ரூ.3,800-க்கு விற்கிறது. பூட்டு வைத்த மூடியுடன் கூடிய பிளாஸ்டிக் பெட்டி, சூடேற்றும் ஹீட் பேட், அதன் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், பாம்பு ஒளிந்துகொள்ளும் குகை, தண்ணீர்க் கிண்ணம், ஈரப்பதமானி, தரையில் விரிக்கும் வெள்ளைக் காகிதச் சுருள், உண்ணி மருந்து ஸ்பிரே, ஒரு பக்கத் துண்டறிக்கை ஆகியவை அதில் அடங்கும். படிப்பை முடித்து ஊர் திரும்பிய கல்லூரி மாணவர் ஒருவரிடமிருந்து கார்ன் ஸ்னேக் என்னும் அயல்நாட்டுப் பாம்பு ஒன்றை நாங்கள் ஏற்றுக்கொண்டபோது, வீட்டில் ஏற்கெனவே அதே இனத்தைச் சேர்ந்த ஒரு பாம்பு இருந்ததால், இத்தொகுப்பை வாங்கிப் பயன்படுத்தினோம். வெளியூர் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் தங்கிப் படிக்கும் இவ்வூரில் இத்தகைய கைமாற்றங்கள் நடப்பதில் வியப்பில்லை. எனவே, பொருளின் தரத்தைச் சொல்வதற்கு முன்னால், அதை வாங்கும் தேவை யாருக்கு உண்டு என்பதைச் சொல்லிவிடுவது முறை.

வீட்டில் வேறு ஊர்வன எதுவும் இல்லாமல், இது ஒன்றே முதல் பாம்பு என்றால், தனி அறை ஒதுக்கிப் பாதுகாப்பதற்கு அங்கே வேறு உயிர் இல்லை. அந்நிலையிலும், மண்ணும் மரக்கட்டையும் செடியும் வைத்து அலங்கரித்த நிலையான கூண்டில் முதல் நாளே விட்டுவிடாமல், சில வாரங்கள் வெறும் காகிதம் விரித்த பெட்டியில் வைத்திருப்பது நல்லது. எச்சம் எப்படி இருக்கிறது, இரையை உண்டதா, கக்கியதா, உடம்பில் உண்ணி ஊர்கிறதா என்பவை காகிதத்தின் மேல்தான் கண்ணுக்குத் தெரியும். அதற்கு இந்தத் தொகுப்பு வேண்டியதில்லை. வீட்டில் இன்னொரு பாம்போ பல்லியினமோ இருந்தால் நிலைமை வேறு. அங்கே, பாம்பைக் கொடுத்தவர் எவ்வளவு நம்பிக்கையானவராக இருந்தாலும், பாம்பு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், தனிமைப்படுத்தல் கட்டாயம் என்பதே என் முடிவு. “நாங்களே பார்த்துத்தான் வெச்சிருந்தோம், ஒண்ணும் இல்ல சார்” என்று கொடுப்பவர் சொல்வது பெரும்பாலும் பொய்யாக இருக்காது. ஆனால், வெறும் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய நோய்கள் குறைவு.

கார்ன் ஸ்னேக்கைப் பொறுத்தவரை நான் முதலில் அஞ்சுவது கிரிப்டோஸ்போரிடியம் செர்பென்டிஸ் என்னும் ஒட்டுண்ணியை. இது பாம்பின் இரைப்பைச் சுவரைத் தடிக்கச் செய்கிறது. உண்ட இரையைச் சில நாள்களில் கக்குவதும், உடலின் நடுப்பகுதி புடைத்துத் தெரிவதும், உண்டும் மெலிவதும் இதன் அடையாளங்கள். நம்பகமான மருந்து கிடையாது. எச்சத்தின் வழியே பரவும் இதன் முட்டையுறைகள் வழக்கமான பிளீச் கரைசலுக்கு எளிதில் அழிவதில்லை. நோயுள்ள பாம்பு எல்லா நாளும் அவற்றை வெளியேற்றுவதும் இல்லை என்பதால், ஒரு முறை எச்சத்தைச் சோதித்து ‘இல்லை’ என்று முடிவு வந்தாலும் அதை இறுதியாகக் கொள்ள முடியாது. பால் பைத்தான் (ball python), போவா என்னும் அயல்நாட்டுப் பாம்புகளை வைத்திருப்பவர்களின் கவலை வேறு. உடலணுக்களுக்குள் புரதத் திரள்களை உண்டாக்கி நரம்பு மண்டலத்தைத் தாக்கும் ஐ.பி.டி. (Inclusion Body Disease) என்னும் நோய்க்கு ஒருவகை அரீனா வைரஸ் காரணம் என்பது 2012-இல் தெரியவந்தது. போவா பாம்புகள் எந்த அறிகுறியும் இல்லாமல் நெடுங்காலம் இதைச் சுமந்துகொண்டிருக்கக்கூடும், பைத்தான்களிலோ நோய் விரைவாக முற்றும். மூச்சுக் குழாயையும் நுரையீரலையும் தாக்கும் நிடோ வைரஸ் பால் பைத்தான்களில் 2014-இல் கண்டறியப்பட்டது. வாயைத் திறந்து மூச்சு விடுதல், மூக்கோரத்தில் குமிழி, தலையைப் பின்புறம் வளைத்து மேலே பார்த்தபடியே இருத்தல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். ஊர்வனவற்றில் பழக்கமுள்ள மருத்துவரைத் தேடி வேலூரிலிருந்து சென்னை வரை போக வேண்டி வரலாம் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இவற்றோடு ஒப்பிட்டால் உண்ணி சிறிய தொல்லை. ஆனால், அடிக்கடி எதிர்ப்படுவது அதுதான். பாம்புகளைப் பிடிக்கும் ஓஃபியோனிசஸ் நாட்ரிசிஸ் என்னும் சிற்றுண்ணி, கண்ணைச் சுற்றியும் தாடையின் அடி மடிப்பிலும் செதிலிடுக்கிலும் கரும்புள்ளியாகத் தங்கி இரத்தம் குடிக்கும். முட்டையிடும்போது பாம்பை விட்டிறங்கி, பெட்டியின் இண்டு இடுக்குகளைத் தேடிப் போகும். உண்ணி பிடித்த பாம்பு தண்ணீர்க் கிண்ணத்திலேயே படுத்துக் கிடக்கும் என்று நூல்களில் எழுதியிருக்கும். நம்மூரின் மே மாத வெயிலில் நோயற்ற பாம்பும் அப்படித்தான் கிடக்கும் என்பதால், அதை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், நனைத்த வெள்ளை டிஷ்யூ காகிதத்தால் பாம்பின் உடலை மெல்ல வழித்துப் பார்க்க வேண்டும். கரும்புள்ளிகள் ஒட்டினாலோ, நசுக்கும்போது செந்நிறம் தெரிந்தாலோ ஐயத்துக்கு இடமில்லை.

இங்கேதான் தொகுப்பின் மிகப் பெரிய குறை இருக்கிறது. இரண்டு வாரம் தனிமைப்படுத்தினால் போதும் என்று துண்டறிக்கை சொல்கிறது. கடையில் கேட்டாலும் அதையே சொல்கிறார்கள். வெதுவெதுப்பான சூழலில் சிற்றுண்ணி முட்டையிலிருந்து முழு வளர்ச்சியடையவே ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகலாம். அப்படியிருக்க, பாம்பு வந்த நாளில் இடப்பட்ட முட்டைகள் பெருகி நம் கண்ணில் படத் தொடங்கும் வேளையில், பாம்பை மற்றதன் அருகே கொண்டு போய் வைக்கச் சொல்வதாகிறது அந்த அறிவுரை. குறைந்தது 30 நாள், இயன்றால் 90 நாள் என்பதே அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் அளவு. பைத்தான், போவா ஆகியவற்றைத் தொகையாக வைத்திருப்போர் ஆறு மாதம் வரை காத்திருப்பதும் உண்டு. துண்டறிக்கையைக் கடைக்காரர் திருத்தி அச்சிட்டால் தொகுப்பின் மதிப்பு ஒரு ரூபாய் செலவில்லாமல் உயர்ந்துவிடும்.

பெட்டி நன்றாக இருக்கிறது. சுவர் வழவழப்பாகவும் நிறமற்றும் இருப்பதால் துடைப்பதும் பார்ப்பதும் எளிது. காற்றுத் துளைகளை உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகப் போட்டிருப்பதால் பாம்பின் மூக்கில் பிசிறு குத்துவதில்லை. இரு பக்கக் கொக்கிகளும் இறுக்கமானவை. பாம்பு தப்பிப்பதற்கு விரலளவு இடைவெளியே மிகுதி என்பதை அறிந்த யாரோதான் இதை வடிவமைத்திருக்கிறார்கள். குகைதான் பொருந்தவில்லை. பாறையைப் போலச் சொரசொரப்பாகச் செய்த, அழகான, கனமான பொருள் அது. அதன் ஒவ்வொரு குழியும் உண்ணி முட்டையிட ஏற்ற இடம். அதை எடுத்து வைத்துவிட்டு, வாசல் வெட்டிய அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து வைத்து, அழுக்கானவுடன் எறிந்துவிடுவது மேல். காகிதத்துக்குப் பதிலாகக் கூடுதல் விலைக்குத் தேங்காய் நார்த்தூள் தருவதாகச் சொல்வார்கள். கறுத்த தூளில் கறுத்த உண்ணியைத் தேடுவது வீண் வேலை என்பதால் அதையும் மறுத்துவிடலாம்.

ஹீட் பேடைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சொந்த இடமாகக் கொண்ட கார்ன் ஸ்னேக்குக்குப் பெட்டியின் ஒரு முனை 30 டிகிரி செல்சியஸ் அளவிலும் மறு முனை 24, 25 அளவிலும் இருந்தால் போதும். மார்கழி, தை மாத இரவுகளைத் தவிர, வேலூரில் பேடைச் செருகும் தேவையே பெரும்பாலும் எழுவதில்லை. 40 டிகிரியைத் தாண்டும் கோடையில் நம் சிக்கல் குளிர்விப்பது. தெர்மோஸ்டாட்டால் பேடை அணைக்க முடியுமே தவிர அறையைக் குளிர்விக்க முடியாது. மற்ற பாம்பிலிருந்து விலக்கி வைக்க வேண்டும் என்றதும் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வரும் இடம் மொட்டை மாடியில் உள்ள தனி அறை. கான்கிரீட் கூரையின் கீழ் நாள் முழுதும் வெந்து, இரவிலும் ஆறாத அந்த அறையில் அக்னி நட்சத்திரக் காலத்தில் பாம்பை வைப்பது, நோய்க்கு அஞ்சி அதை வெயிலில் கொல்வதாகும். கீழ்த்தளத்தில் கதவு சாத்தக்கூடிய, வெயில் படாத எந்த அறையும் ஏற்றதே. பேடைப் பயன்படுத்தும் மாதங்களில் தெர்மோஸ்டாட் இன்றியமையாதது. கட்டுப்பாடில்லாத பேட் பாம்பின் அடிவயிற்றைச் சுட்டுவிடும். இத்தொகுப்பில் வரும் தெர்மோஸ்டாட்டின் அளவை வேறொரு வெப்பமானியோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. மொத்தத் தொகுப்பிலும், பெட்டியைத் தவிர, கொடுத்த காசுக்குத் தகுந்த பொருள் இது ஒன்றே என்பேன்.

உண்ணி ஸ்பிரேயை நான் பயன்படுத்தவில்லை, பயன்படுத்தவும் மாட்டேன். மருந்தின் பெயரோ அளவோ புட்டியில் அச்சிடப்படவில்லை. நாய், பூனைகளுக்கான உண்ணி மருந்துகள் ஊர்வனவற்றின் உடலில் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. எடுத்துக்காட்டாக, பரவலாகப் பயன்படும் ஐவர்மெக்டின் ஆமைகளைக் கொல்லக்கூடியது. உள்ளே இருப்பது இன்னதென்று தெரியாத ஒன்றைத் தோலில் தெளிப்பதற்கு முன் மருத்துவரைக் கேட்பதே முறை. வீட்டில் தரை துடைக்கும் ஃபீனைலையும் பாம்புப் பெட்டியின் பக்கம் கொண்டு போகக் கூடாது. பாம்புகளுக்கு அது நஞ்சு. சோப்பு நீரில் கழுவி, நீர்த்த பிளீச் கரைசலைப் பத்து நிமிடம் ஊற விட்டு, நன்றாக அலசி, வெயிலில் முழுதும் உலர்த்துவது அன்றாடத் தூய்மைக்குப் போதும்.

இருக்க வேண்டியவை சில தொகுப்பில் இல்லை. கிராம் கணக்கில் காட்டும் சமையலறை எடைப்பொறி ஒன்று வேண்டும். வாரந்தோறும் எடையைக் குறித்து வைத்தால், கண்ணுக்குப் புலப்படும் முன்பே மெலிவு எழுத்தில் தெரிந்துவிடும். இரை கொடுக்கத் தனி இடுக்கியும், அந்தப் பெட்டிக்கு மட்டுமான துடைக்கும் துணியும் வேண்டும். இவையெல்லாம் லாங் பஜாரில் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். பெட்டியை மேசை மேல் வைத்து, மேசைக் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துவது, எறும்புக்காக நம் வீடுகளில் வழக்கமாகச் செய்வதுதான். ஊர்ந்து போகும் உண்ணிக்கும் அது தடையாகும்.

காசு கொடுத்து வாங்க முடியாத பகுதி ஒழுங்கு. பழைய பாம்பின் வேலைகளை முடித்த பிறகே புதியதைத் தொட வேண்டும். தொட்ட பின் அன்று பழையதன் அறைக்குத் திரும்பக் கூடாது. கையை முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். பாம்புகள் சால்மோனெல்லாக் கிருமியைச் சுமக்கக்கூடியவை என்பதால், சிறு குழந்தைகளும் முதியோரும் உள்ள வீட்டில் சமையலறைத் தொட்டியில் பாம்பின் கிண்ணத்தைக் கழுவுவதும் ஆகாது. இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்க முடியாத வீட்டில் எந்தத் தொகுப்பும் பயன் தராது.

துண்டறிக்கை அறவே விட்டுவிட்ட இன்னொன்று சட்டம். நம் நாட்டுச் சாரையையோ மலைப்பாம்பையோ வீட்டில் வளர்க்க வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 இடம் தருவதில்லை. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பால் பைத்தான் போன்று, வன உயிரின வணிகம் குறித்த சைட்டீஸ் என்னும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள அயல்நாட்டு இனங்களை வைத்திருப்பதையும் கைமாற்றுவதையும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். கார்ன் ஸ்னேக் அப்பட்டியலில் இல்லை. பால் பைத்தானைத் தத்தெடுப்பவர், பெட்டியைத் தேடும் முன்பே, கொடுப்பவரிடம் பதிவுச் சான்றைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

முழுத் தொகுப்பையும் வாங்கப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை. பெட்டியையும் தெர்மோஸ்டாட்டையும் பேடையும் மட்டும் தனியாகக் கேட்டால் கடையில் ரூ.2,200-க்குத் தருகிறார்கள், அது நியாயமான விலை. கையிருப்பு எப்போதும் இருப்பதில்லை என்பதால், பாம்பு வீட்டுக்கு வரும் நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகச் சொல்லி வைத்து வாங்கி, வெப்பநிலை நிலைப்பட்ட பின்பே பாம்பை உள்ளே விட வேண்டும்.