தூக்கம் கெட்ட விமானி: மாத்திரையா, காபியா, குட்டித்தூக்கமா?

அதிகாலை 2 மணியிலிருந்து 6 மணிவரை உடம்பு தூக்கத்தைத்தான் கேட்கும். இருபது வருட அனுபவம் உள்ள விமானிக்கும் கண் சொக்கும். அதைச் சமாளிக்கும் வழிகளில் எது தேவலை? எது அதிக நேரம் விழிக்க வைக்கிறது என்பதைவிட, எது போகும்போது எதை விட்டுவிட்டுப் போகிறது என்றுதான் நான் பார்ப்பேன்.

முதலில் பழைய ஆள், டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமின் என்ற தூக்கம் விரட்டும் மாத்திரை. அமெரிக்க விமானப்படையில் இதற்கு ‘கோ பில்’ என்று பெயர். நன்றாகவே வேலை செய்யும். ஆனால் இதயம் படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும், பழக்கமாகிவிடும் ஆபத்தும் உண்டு. 2002 ஏப்ரலில் ஆப்கானிஸ்தானின் கந்தஹார் அருகே ஓர் அமெரிக்க எஃப்-16 போர் விமானம் தவறுதலாகக் குண்டு போட்டதில் 4 கனடிய வீரர்கள் இறந்தார்கள். விமானிகளின் வக்கீல்கள் இந்த மாத்திரையைக் கைகாட்டினார்கள். விமானப்படை அதை ஏற்கவில்லை.

அடுத்தது மொடாஃபினில் என்ற மாத்திரை. பிரான்சில் பிறந்தது, பகலிலேயே தூக்கம் அழுத்தும் நார்கோலெப்சி நோய்க்காக 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. படபடப்பு குறைவு, அடிமையாகும் அபாயமும் குறைவு. இரண்டு மாத்திரைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன், அரைமனதோடு. ஏன் அரைமனது? கணக்குப் போட்டுப் பாருங்கள். ரத்தத்தில் இதன் அளவு பாதியாகக் குறையவே 12 முதல் 15 மணி நேரம் ஆகும். இரவு 2 மணிக்குப் போட்டால் மறுநாள் பிற்பகல் 2 மணிக்கும் பாதி மருந்து உள்ளே இருக்கும். காலையில் தரையிறங்கி, திரையை இழுத்துவிட்டுப் படுப்பவருக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்? அடுத்த இரவுப் பணிக்கு இன்னும் களைத்த ஆள்தான் வருவார். இதைவிட எனக்கு உறுத்துவது வேறு: தூக்கமிழந்தவர்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், தங்கள் திறமையை அவர்கள் உள்ளதைவிடக் கூடுதலாக மதிப்பிட்டார்கள். களைப்பு இருக்கிறது, அது தெரியவில்லை. காக்பிட்டில் இது நல்ல செய்தி இல்லை.

எப்படியும் அமெரிக்கப் பயணிகள் விமானங்களில் இந்த இரண்டு மாத்திரைகளுக்குமே தடைதான்.

சரி, காபி. பாதியாகக் குறைய ஏறக்குறைய 5 மணி நேரம், அவ்வளவுதான். தினமும் நாலைந்து கப் குடிப்பவருக்கு அவசரத்துக்குக் கைகொடுக்காது என்பது ஒன்றே குறை. ராணுவத்தில் 100 மில்லிகிராம் காஃபின் கலந்த சூயிங்கம் தருகிறார்கள். வாய்ச்சவ்வு வழியே சீக்கிரம் ஏறும்.

ஆனால் காபிகூடத் தூக்கத்தைத் தள்ளித்தான் போடும். தூக்கத்தைத் திருப்பித் தருவது தூக்கம் மட்டுமே. நாசா 1994-ல் வெளியிட்ட ஆய்வில், நெடுந்தூர விமானிகளுக்கு இருக்கையிலேயே 40 நிமிடம் ஓய்வு தந்தார்கள். சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள். ஓய்வு கிடைக்காதவர்கள் தரையிறங்கும் கட்டத்திலும் நொடிக்கணக்கில் கண் அயர்ந்தார்கள். தூங்கி எழுந்தவர்களுக்குக் கடைசி அரைமணியில் அது நேரவில்லை.

தூக்கம் நீண்டால் வம்பு. 2010-ல் 158 பேர் இறந்த மங்களூர் விபத்தில், கேப்டன் வெகுநேரம் தூங்கியதும் அந்தக் கலக்கம் தெளியாமல் இருந்திருக்கலாம் என்பதும் விசாரணை அறிக்கையில் வந்தன. அதனால்தான் இந்த ஓய்வை அனுமதிக்கும் இடங்களில் கட்டுப்பாடுகள் உண்டு: ஒருவர் தூங்கினால் மற்றவர் விழித்திருக்க வேண்டும், எழுந்தவர் கலக்கம் தெளியும்வரை விமானத்தைத் தொடக்கூடாது.

என் ஓட்டு இந்தக் குட்டித்தூக்கத்துக்குத்தான். கனடாவும் ஐரோப்பாவும் இதை அனுமதிக்கின்றன. ஆய்வை நடத்திய அமெரிக்காவில் மட்டும், பணியில் இருக்கும் விமானி இருக்கையில் கண்ணசர விதி இடம் தரவில்லை.