சாயும் பைபாட்: கழுத்து இறுகுமா என்று பார்த்து வாங்குங்கள்

மூன்று வருடத்தில் மூன்று பைபாட், அதாவது ரைஃபிளின் முன்பகுதியைத் தாங்கும் இரட்டைக் கால், என் ரைஃபிளில் ஏறிவிட்டன. முதலாவது, காசை மிச்சம் பிடிக்கலாம் என்று வாங்கிய, ஹாரிஸ் பைபாடைப் பார்த்துச் செய்த ஒரு நகல். இரண்டாவது, கூட வேட்டைக்கு வரும் அண்ணன் ஒரு மாதத்துக்கு இரவல் கொடுத்த மேக்புல் எம்ஓஇ. மூன்றாவது, இப்போது மாட்டியிருக்கும் ஹாரிஸ் எஸ்-எல்எம். அதுவும் புதிதல்ல, வேறொருவர் கையில் பழகி வந்தது. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு, குறைந்த செலவில் உருப்படியான சாயும் பைபாட் தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

ரைஃபிள் .308 அளவுத் தோட்டாவுக்கானது; ஒவ்வொரு முறையும் கையால் தாழை இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன். ஸ்கோப்போடு சேர்த்து நாலு கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. நான் இடக்கைக்காரன். உரிமமும் அனுமதியும் உள்ள நிலத்தில், பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிதான் பெரும்பாலும். படுத்தபடி, 100 முதல் 250 மீட்டருக்குள் சுடுவேன். உங்கள் வேட்டை வேறு மாதிரி என்றால் நான் சொல்லும் உயரக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது, மற்றதெல்லாம் பொருந்தும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'ஸ்விவல்' என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி வாங்கிவிடாதீர்கள். இரண்டு அசைவு இருக்கிறது. ரைஃபிளின் மூக்கு இடமும் வலமுமாகத் திரும்புவது ஒன்று. ஓடும் மிருகத்தைத் தொடர்வதற்கு அது உதவும். கால்கள் இருந்த இடத்திலேயே இருக்க, துப்பாக்கி மட்டும் இடது தோளுக்கோ வலது தோளுக்கோ சாய்வது இன்னொன்று. மேடு பள்ளமான தரையில் நமக்கு வேண்டியது இந்தச் சாய்வுதான். சிலவற்றில் ஒன்றுதான் இருக்கும், சிலவற்றில் இரண்டும் இருக்கும். ஒரே வார்த்தையால் இரண்டையும் சொல்லி விற்கிறார்கள்.

சாய்வு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. .308 தோட்டா 300 மீட்டர் போவதற்குள், குழல் பார்க்கும் நேர்கோட்டிலிருந்து ஏறக்குறைய முக்கால் மீட்டர் தாழ்ந்துவிடும். அதை ஈடுகட்டத்தான் ஸ்கோப்பைத் திருத்திக் குழலை மேல்நோக்கி வைக்கிறோம். துப்பாக்கி ஒருபக்கம் சாய்ந்தால் அந்த மேல்நோக்கும் சாய்ந்துவிடும். தோட்டா சாய்ந்த பக்கமாகவும் கொஞ்சம் கீழாகவும் போகும். 300 மீட்டருக்குச் சரிசெய்த துப்பாக்கி பத்து டிகிரி சாய்ந்திருந்தால், அந்தத் தொலைவில் 13 சென்டிமீட்டர் வாக்கில் பக்கவாட்டில் விலகும். 100 மீட்டருக்குச் சரிசெய்து அங்கேயே சுட்டால் ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான், கண்ணுக்கே தெரியாது. பயிற்சித் திடலின் சமதரையில், கிட்டத்தில் சுட்டுப் பார்த்துவிட்டு "எனக்குச் சாய்வே வேண்டாம்" என்று பலர் சொல்வதற்கு அதுதான் காரணம். பன்றியின் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே 13 சென்டிமீட்டர் சின்ன விஷயமல்ல. காயத்தோடு ஓடிய மிருகத்தை இருட்டில் தேடி அலைந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

காலை நீட்டிக் குறுக்கியே சமன் செய்யலாமே என்றும் கேட்பார்கள். செய்யலாம். ஆனால் உயரத்தை நிறுத்தும் காடி, அதாவது காலில் உள்ள வெட்டு, பெரும்பாலும் ஓர் அங்குலத்துக்கு ஒன்றாகத்தான் இருக்கும். இரண்டு பாதங்களுக்கும் நடுவே பத்து அங்குலம் என்று வையுங்கள். ஒரு காடி மாற்றினால் கிட்டத்தட்ட ஆறு டிகிரி நகரும். நடுவில் நிற்காது. அந்த ஆறு டிகிரிக்குள் சமன் பிடிக்கச் சாய்வு வேண்டும். அதோடு, மிருகம் எதிரே நிற்கும்போது எழுந்து கையை நீட்டிக் காலைத் தொடுகிற வேலையே கூடாது.

சரி, அந்த நகல். பார்ப்பதற்கு ஹாரிஸ் மாதிரியேதான் இருந்தது. கருப்புப் பூச்சு, ரப்பர் பாதம், வெளியே தெரியும் ஸ்பிரிங், சாய்வை இறுக்க ஒரு சின்ன முண்டி, அதாவது கையால் திருகும் பிடி. முதல் இரண்டு மாதம் ஒரு குறையும் சொல்ல முடியாது. அப்புறம் ஒரு மாலை, சரிவான வரப்பு ஓரத்தில் படுத்திருந்தேன். 180 மீட்டரில் நாலு பன்றி வந்து நின்றன. முண்டியை முழுக்க இறுக்கியிருந்தேன். பின்கட்டையின் கீழே வைத்திருந்த பையைச் சரிசெய்ய வலக்கையை எடுத்தேன். துப்பாக்கி மெதுவாக வலப்பக்கம் படுத்தது. நிமிர்த்தினேன், மறுபடி படுத்தது. குறுக்குக்கோடு நேராக நிற்க வேண்டுமென்றால் நான் துப்பாக்கியை முறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முறுக்கிய கையோடு சுட்டால் விசையை இழுக்கும் நொடியில் எங்கே போகுமென்று தெரியாது. சுடாமல் விட்டேன். அவை மேய்ந்துவிட்டுப் போயின.

வீட்டுக்கு வந்து அதைக் கழற்றிப் பார்த்தேன். கழுத்தில், அதாவது துப்பாக்கியோடு பொருந்தும் தலையும் கால்களைத் தாங்கும் உடலும் சேரும் இடத்தில், ஒரு விரல் நீளத்தில் ஓர் அச்சுக்கம்பி. கம்பி எஃகுதான், கெட்டியாகத்தான் இருந்தது. அது நுழையும் துளை மெல்லிய வார்ப்பு அலுமினியம். வட்டமாக இருக்க வேண்டிய துளை முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. ஒரு பக்கத்தில் என் கட்டைவிரல் நகம் உள்ளே போனது. துளையைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பொடி. முண்டியை எவ்வளவு இறுக்கினாலும் அது அழுத்துவது பக்கச்சுவரை மட்டும்தான். கம்பி துளைக்குள் ஆடிக்கொண்டே இருந்தது. இருநூறு தோட்டாகூட அதில் சுட்டிருக்க மாட்டேன்.

அன்றிலிருந்து பைபாட் எதைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது கழுத்தைத்தான். காலை யார் வேண்டுமானாலும் ஒழுங்காகச் செய்துவிடுவார்கள். விலையும் தரமும் பிரியும் இடம் கழுத்து. சோதிப்பது எளிது: சாய்வை முழுக்க இறுக்குங்கள், கால்களை ஒரு கையால் கெட்டியாகப் பிடியுங்கள், தலையை மறு கையால் ஆட்டுங்கள். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டாலோ கைக்கு ஒரு சின்ன ஆட்டம் தெரிந்தாலோ வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பிறகு பாதி தளர்த்துங்கள். தள்ளினால் நகர வேண்டும், விட்டால் விட்ட இடத்தில் நிற்க வேண்டும். முழு இறுக்கத்தைவிட இந்தப் பாதி இறுக்கம்தான் வேட்டையில் பயன்படுவது. காலை ஊன்றி, தோளால் துப்பாக்கியை நிமிர்த்தினால் அது அங்கேயே நின்றுவிடும். எதையும் திருக வேண்டாம்.

அண்ணனின் மேக்புல் எம்ஓஇ கிட்டத்தட்ட முழுக்கப் பாலிமர். கையில் எடுத்ததும் பொம்மை போலத் தோன்றியது, அந்த எண்ணம் ஒரு வாரத்தில் போய்விட்டது. கால் கிலோ அளவுதான் எடை. சாய்வு மொத்தம் 50 டிகிரி, பக்கவாட்டுத் திருப்பம் மொத்தம் 40 டிகிரி. உயரம் 6.3 அங்குலத்திலிருந்து 10.3 வரை, அரை அங்குலத்துக்கு ஒரு காடி. கால் நீளும்போதும் மடங்கும்போதும் சத்தம் குறைவு. அமைதியான காட்டில் இது பெரிய வரம். ஸ்பிரிங் எதுவும் வெளியே இல்லாததால் புல் சிக்காது. நீண்ட நடைக்கு இதைவிடப் பொருத்தமானது இந்த விலையில் இல்லை என்று தயங்காமல் சொல்வேன்.

எனக்கு இரண்டு இடத்தில் ஒத்துவரவில்லை. முன்னால் அழுத்திப் படுத்துச் சுடும்போது கால்கள் லேசாக வளைந்து கொடுப்பதை உணர்ந்தேன். குறி தப்பவில்லை, ஆனால் இரண்டாவது தோட்டாவுக்கு மறுபடி நிலைகொள்ள ஒரு நொடி கூடுதலாக ஆனது. இன்னொன்று உயரம். என் பக்கத்துப் புல்லுக்கு 10.3 அங்குலம் போதாது. இதே பைபாட் அலுமினிய உடலிலும் வருகிறது, எடை கொஞ்சம் கூடும். உயரம் ஒத்துவருகிறவர்கள் அதைப் பாருங்கள்.

உயரத்தைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஹாரிஸ், கால்டுவெல் என்ற இரண்டு நிறுவனங்களின் பைபாட்களிலும் மூன்று அளவு பொதுவாகக் கிடைக்கும்: 6 முதல் 9 அங்குலம், 9 முதல் 13, 13.5 முதல் 27. முதலாவது மேசைக்கும் சிமெண்டுத் தரைக்கும். மூன்றாவது உட்கார்ந்து சுட. முழுக்க நீட்டினால் ஆடும், மடக்கினாலும் நீளமாகத் துருத்திக்கொண்டு நிற்கும். வயலிலும் புல்லிலும் படுத்துச் சுடுகிறவருக்கு நடு அளவுதான். சந்தேகம் இருந்தால் வாங்குவதற்கு முன் இப்படிச் செய்யுங்கள்: தோட்டா இல்லை என்று இரண்டு தரம் பார்த்து உறுதி செய்த துப்பாக்கியோடு தரையில் படுத்து, முன்கட்டைக்குக் கீழே புத்தகங்களை அடுக்குங்கள். கழுத்து வலிக்காமல் ஸ்கோப் முழு வட்டமாகத் தெரியும் உயரத்தில் நிறுத்தி, அடுக்கை அளவுகோலால் அளந்துவிடுங்கள். எனக்கு ஒன்பதரை வந்தது. சரிவில் கீழ்நோக்கிப் படுப்பதற்கு இன்னும் இரண்டு மூன்று அங்குலம் கையிருப்பு வேண்டும். அப்படித்தான் 9-13-க்கு வந்தேன்.

ஹாரிஸ் பெயர்களில் ஒரு குறிப்பு ஒளிந்திருக்கிறது. முன்னால் வரும் 'எஸ்' சாயும் தலைக்கு. அது இல்லாதது சாயாது. பின்னால் வரும் 'எம்' காடி வெட்டிய காலுக்கு. காடி இல்லாத காலில் திருகாணியை இறுக்கித்தான் உயரத்தை நிறுத்த வேண்டும். காடி உள்ளதில் பித்தானை அழுத்தினால் ஸ்பிரிங் விசையில் கால் வெளியே குதித்துக் காடிக்குக் காடி நிற்கும். எனவே எஸ், எம் இரண்டும் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். நான் வாங்கியதில் கருப்புப் பூச்சு மூலைகளில் தேய்ந்திருந்தது, ஒரு ரப்பர் பாதம் வெடித்திருந்தது. கழுத்தை ஆட்டிப் பார்த்தேன், ஒரு சத்தமும் இல்லை. பாதத்தை மட்டும் மாற்றினேன்.

பிறகு திடலில் ஒரு சோதனை. 100 மீட்டர், ஐந்து தோட்டா, சமதரையில். அடுத்து ஒரு பாதத்தின் கீழ் மட்டும் இரண்டு அங்குலக் கட்டையை வைத்து, சாய்வால் துப்பாக்கியை நிமிர்த்தி, ஸ்கோப்பில் ஒட்டிய ரசமட்டத்தைப் பார்த்து, இன்னும் ஐந்து. இரண்டு கூட்டமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. இரண்டையும் சேர்த்தே ஒரு தீப்பெட்டியால் மூடிவிடலாம். நடுவில் எழுந்து போய்ப் பைபாடின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன், இறுக்கம் அப்படியே இருந்தது.

குறை இல்லாமல் இல்லை. சாய்வை இறுக்கும் வரிவரியான உருளைத் திருகு சின்னது; கையுறை போட்டுக்கொண்டால் பிடி கிடைக்காது. அதற்குப் பதில் நீளமான முண்டி தனியாக விற்கிறார்கள், போட்டுக்கொண்டேன். இடக்கைக்காரர்கள் கவனியுங்கள்: அந்த முண்டி இறுகி நிற்கும்போது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சரிபார்த்து மாட்டுங்கள். எனக்கு வலக்கை போகும் பக்கமாக அமைக்க இரண்டு தரம் கழற்றி மாட்ட வேண்டியிருந்தது. எடையும் 400 கிராமுக்கு மேல் இருக்கும். முன்னால் தொங்குவதால் அதைவிட அதிகமாகத் தெரியும். பக்கவாட்டுத் திருப்பம் கிடையாது.

வாங்கியது எதுவானாலும் மாட்டும் இடத்தைப் பாருங்கள். பல வேட்டை ரைஃபிள்களில் வார் மாட்டும் சிறு குமிழான ஸ்டட்தான் பிடிமானம். மரக்கட்டையில் அந்த ஸ்டட் வெறும் மரத்திருகாக இருந்தால், பைபாட் நெம்பும் விசையில் நாளடைவில் பிடுங்கிக்கொண்டு வரும். உள்ளே நட்டு போட்டது என்றால் கவலையில்லை. மெல்லிய பாலிமர் முன்கட்டை என்றால் இன்னொரு சிக்கல்: பைபாடில் எடையைச் சாய்த்ததும் கட்டை வளைந்து குழலைத் தொடும், குறி இடம் மாறும். குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு தாளைச் செருகி, துப்பாக்கியைப் பைபாடில் நிறுத்தி, தோளால் அழுத்தியபடியே தாளை இழுத்துப் பாருங்கள். தங்குதடையில்லாமல் வழுக்கிவர வேண்டும். வராவிட்டால் பைபாடைக் குறை சொல்லிப் பயனில்லை, கட்டையைத்தான் கவனிக்க வேண்டும்.

அட்லஸ் போன்ற விலை அதிகமான பைபாட்களை நான் இங்கே சேர்க்கவில்லை. சுட்டுப் பார்த்திருக்கிறேன், அருமையானவை. 250 மீட்டருக்குள் பன்றி சுடுகிறவருக்கு அந்த மிச்சக் காசு தோட்டாவாக மாறிப் பயிற்சிக்குப் போனால் அதிகப் பயன். விலை அடிமட்டத்தில் இருக்கும் நகல்களை மட்டும் தயவுசெய்து தவிருங்கள். புதிய நகலை விட, கழுத்து ஆடாத பழைய நல்ல பைபாட் மேல்.

போன மாதம் அதே வரப்பு ஓரம். இடது கால் பள்ளத்தில், வலது கால் கல்லின் மேல். தோளால் ஒரு தள்ளு. ரசமட்டத்தின் குமிழி நடுவில் வந்து நின்றது. கையை எடுத்தேன், நகரவில்லை. 160 மீட்டர், ஒரே தோட்டா, பன்றி நின்ற இடத்திலேயே விழுந்தது. திரும்பி நடக்கும்போதுதான் வெளியே இருக்கும் ஸ்பிரிங்கில் புல்லும் முள்ளும் கொத்தாகச் சிக்கியிருப்பதைப் பார்த்தேன். பழைய சைக்கிள் ட்யூபை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, மடக்கிய காலின் மேல் வளையமாகப் போட்டேன்; ஸ்பிரிங் மூடிக்கொண்டது, கால் குழலில் இடிக்கும் உலோகச் சத்தமும் நின்றுவிட்டது.