பழைய ஐபாடும் 256 ஜிபி கார்டும்

என்னிடம் இருப்பது 2006-இல் வெளிவந்த ஐபாட் வீடியோ, 30 ஜிபி மாடல். வாங்கும்போதே ஹார்ட் டிஸ்க் டக்டக் என்று கடைசி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதனால்தான் மலிவாகக் கிடைத்தது. டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, ஐஃபிளாஷ் அடாப்டரில் 256 ஜிபி மெமரி கார்டைச் செருகி, புது பேட்டரி போட்டு, ஆப்பிளின் மென்பொருளுக்குப் பதிலாக ராக்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளை ஏற்றினேன். சில வருடங்களாக இதில்தான் பாட்டுக் கேட்கிறேன். ஸ்ட்ரீமிங் சந்தாவைப் புதுப்பிக்கவே இல்லை.

கழற்றுவதில் ஒன்றே ஒன்று கவனம். பின்மூடி நெம்பி வந்ததும் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. ஹெட்போன் ஜாக்கும் பேட்டரியும் மூடியோடுதான் இருக்கும். மெல்லிய ரிப்பன் கேபிள்கள் அவற்றை போர்டோடு பிணைத்திருக்கும். பேட்டரி கேபிளைப் பிடித்திருக்கும் பூட்டு ஓர் அரிசி அளவுகூட இருக்காது. நகத்தால் மெதுவாகத் தூக்கினால் விட்டுவிடும், பலம் கொடுத்தால் உடையும். டிஸ்க் இருந்த இடம் காலியாவதால் பழையதைவிடப் பெரிய பேட்டரியே உட்காரும். ஆனால் மேலே அச்சடித்திருக்கும் எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவு) கணக்கை அப்படியே நம்பாதீர்கள். பெரிய மெமரி கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையில் வரும்; ஐபாட் படிக்க அதை ஃபேட்32 முறைக்கு மாற்றியாக வேண்டும்.

ராக்பாக்ஸ் போட்டபின், பாட்டு ஏற்ற ஆப்பிளின் ஐடியூன்ஸ் மென்பொருளோடு மல்லுக்கட்டும் தொல்லை கிடையாது. கணினியில் செருகி ஃபோல்டரை அப்படியே இழுத்துப் போட்டால் போதும், ஒலித்தரம் குறையாத ஃபிளாக் கோப்பும் பாடும். எனக்குப் பெரிய லாபம் கச்சேரிகளில்தான். ராகம், தானம், பல்லவியைத் தனித்தனி டிராக்காக வெட்டியிருந்தாலும் நடுவில் துண்டு விழாமல் ஓடும். பாதியில் நிறுத்தினால் அடுத்த நாள் அதே இடத்தில் தொடரலாம்.

தமிழ்தான் உதைக்கிறது. யூனிஃபாண்ட் எழுத்துரு போட்டால் எழுத்துகள் தெரியும், ஆனால் கோத்துக் காட்டத் தெரியாது. ‘கெ’ என்பதில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பார்க்கச் சகிக்காமல் ஃபோல்டர் பெயர்களை எல்லாம் ஆங்கில எழுத்துக்கு மாற்றிவிட்டேன்.

உள்ளே இருக்கும் வோல்ஃப்சன் சிப்பின் ஒலியைப் பற்றிப் பலர் உருகி எழுதுவார்கள். நான் போடும் சாதாரண இயர்போனில் போனுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நான் இதிலேயே நிற்கக் காரணம் வேறு. நேற்றுவரை இருந்த பாட்டு உரிமத் தகராறில் இன்று காணாமல் போவது இங்கே நடக்காது. எண்பதுகளின் படப்பாட்டைத் தேடினால் எதிரொலி ஏற்றிய ‘மெருகேற்றிய’ பதிப்பு வந்து நிற்பதும் இல்லை. நான் சிடியிலிருந்து எடுத்து வைத்தது எதுவோ, அதுதான் பாடும். பஸ் நெரிசலில் பாக்கெட்டுக்குள்ளேயே கட்டைவிரலால் பாட்டை மாற்றலாம் என்பது உபரி.

புதுப் படப் பாடல்களுக்கு இது ஆகாது. சிடி வருவதே அபூர்வம், அவற்றை யூடியூபில்தான் கேட்கிறேன். 30 பின் சார்ஜர் கேபிளைத் தனியாகச் சுமக்க வேண்டும். ப்ளூடூத் பொருத்தும் வேலையும் சிலர் செய்கிறார்கள். அவ்வளவு தூரம் போனால் பேசாமல் புது பிளேயரே வாங்கிவிடலாம்.

வாங்குவதாக இருந்தால் 2007-இல் வந்த கிளாசிக் மாடலைத் தவிர்த்துவிடுங்கள். உலோக முகப்பு, திறப்பதற்குள் கை ஓய்ந்துவிடும். போதாக்குறைக்கு ஆப்பிளின் சொந்த மென்பொருளில் 128 ஜிபிக்கு மேற்பட்ட கார்டை முழுதாக ஏற்காது.