பழைய ஒயரில் காப்பர் எடுக்கும் டேபிள் மெஷின்: நாள்பட ஓட்டினால் தெரிவது

காயலான் கடைகளிலும் வயரிங் கான்ட்ராக்ட் எடுப்பவர்களிடமும் இருப்பது பெரும்பாலும் மேசைமேல் வைக்கும் சிங்கிள் ஃபேஸ் மெஷின். கீழ் ஷாஃப்டில் பல் வெட்டிய ரோலர்கள், மேல் ஷாஃப்டில் வட்ட பிளேடுகள், முன் தகட்டில் சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாகத் துளைகள், ஓரத்தில் தட்டை ஒயருக்கு ஒரு சந்து. ரோலர் ஒயரைக் கவ்வி இழுக்கும், பிளேடு தோலை நீளவாக்கில் கீறும். அதோடு அதன் வேலை முடிந்தது. கீறின தோலைப் பிரித்தெடுப்பது கைவேலைதான். காப்பர் ஒரு பக்கம், தோல் ஒரு பக்கம் என்று தானாக வந்து விழுவது விளம்பர வீடியோவில் மட்டும்.

வாங்கும்போது "1 எம்எம் முதல்" என்று சொல்வார்கள். மெல்லிய ஒயர் உள்ளே போகும், கீறவும் செய்யும், கூலிக்குக் கட்டாது. குறுக்குவெட்டுப் பரப்பு 1 ஸ்கொயர் எம்எம் (சுருக்கமாக 1 ஸ்கொயர்) உள்ள காப்பர் 1 மீட்டருக்குச் சுமார் 9 கிராம். அந்தக் கணக்கில் 90 மீட்டர் சுருளில் 1.5 ஸ்கொயர் ஒயர் 1.2 கிலோ தரும், 4 ஸ்கொயர் 3.2 கிலோ தரும். மெஷின் இழுக்கும் வேகம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆக 2.5 ஸ்கொயரிலிருந்துதான் இந்த மெஷினுக்கு வேலை. அதற்குக் கீழே உள்ளதைத் தோலோடு விற்பது, அல்லது அரைத்துப் பிரிக்கும் கிரானுலேட்டர் வைத்திருப்பவரிடம் தள்ளுவது புத்திசாலித்தனம்.

செட்டிங்கில்தான் பாதிப் பேர் மெஷினைக் கெடுக்கிறார்கள். பிளேடு எல்லாம் ஒரே ஷாஃப்டில் இருப்பதால், ஒரு துளைக்கு ஆழம் மாற்றினால் பக்கத்துத் துளைக்கும் மாறிவிடும். அதனால் கனம் வாரியாகப் பிரித்து, ஒரு கனம் முழுக்க ஓட்டி முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். கலந்து போட்டால் ஒன்று தோல் கீறாது, இன்னொன்றில் காப்பரே அறுபடும். ஷாஃப்டின் இரண்டு பக்க போல்ட்டையும் நன்றாகத் தளர்த்திவிட்டு அரை மீட்டர் துண்டு ஒன்றை விடுங்கள். பிறகு இரு பக்கமும் ஒரே அளவாக, கால் சுற்று கால் சுற்றாக இறக்குங்கள். காப்பருக்கு மேலே மயிரிழை அளவு தோல் மிச்சம் இருக்கும் ஆழமே சரி. பட்டாணி உரிப்பது போல் கட்டைவிரலை நுழைத்தால் பிளந்துகொள்ளும். அதற்கு மேல் இறக்கினால் ஃப்ளெக்சிபிள் ஒயரில் மெல்லிய இழைகள் அறுந்து தோல் குவியலோடு போய்விடும். உரித்த தோலைக் கையில் அள்ளி உதறிப் பாருங்கள். செந்நிறத் துணுக்கு உதிர்ந்தால் பிளேடு ஆழம். ஒரு பக்க போல்ட் மட்டும் இறங்கினால் ஷாஃப்ட் சாய்ந்து ஓர பிளேடு ரோலரில் உரசும், முனை போய்விடும். அதிர்வில் அந்த போல்ட்டை நிறுத்திப் பிடிக்கும் லாக் நட் தளரும். காலையில் ஸ்விட்ச் போடுமுன் ஒரு முறை ஸ்பேனர் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

நம்மூரில் நிறைய வருவது போர்வெல் மோட்டாரின் மூன்று கோர் (மேல் தோலுக்குள் தனித்தனித் தோலோடு இருக்கும் ஒயர்) தட்டை கேபிள். இதை இரண்டு தடவை விட வேண்டும்: முதலில் சந்தில் விட்டு மேல் தோல், பிறகு ஒவ்வொரு கோரையும் வட்டத் துளையில். சந்தில் விடும்போது பிளேடு இரண்டு கோருக்கு நடுவே விழும்படி கேபிளை ஓரம் அணைத்துப் பிடித்தால் கோரில் வெட்டு விழாது. 2.5 ஸ்கொயர் கேபிள் 100 மீட்டருக்கு 6.7 கிலோ அளவுக்குக் காப்பர் வர வேண்டும். நன்றாகக் குறைந்தால் ஒன்று தோலோடு போகிறது, அல்லது அது உண்மையில் 2.5 இல்லை. தண்ணீர் இறங்கிக் கறுத்த பகுதியை வெட்டித் தனியே வையுங்கள். பளபளப்பான காப்பரோடு கலந்தால் மொத்தத்துக்கும் விலை இறங்கும். தோலை எரித்து எடுத்த காப்பருக்கும் இதே கதிதான், அதற்கு மேல் பிவிசி புகையில் ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சினும் வேறு.

வெட்டு நேராக வராமல் சுற்றிச் சுற்றி வந்தால் துளை பெரிது, அல்லது ஒயர் முறுக்கோடு போகிறது. நிமிர்த்திவிட்டு ஒரு துளை சிறியதில் விடுங்கள். ஒயர் நகராமல் வழுக்கினால் ரோலர் பல்லில் பிவிசி அடைத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒயர் பிரஷால் தேய்த்தால் போதும். ஜெல்லி நிரப்பிய டெலிபோன் கேபிளை இதில் விடவே வேண்டாம். தோல் பிளக்காமல் நசுங்கின தடம் மட்டும் விழுந்தால் பிளேடு மழுங்கிவிட்டது. சாணை பிடிக்கலாம், ஆனால் எல்லா பிளேடையும் ஒரே விட்டத்துக்குப் பிடிக்க வேண்டும். பிடித்தபின் ஆழத்தைப் புதிதாக வைக்க வேண்டும். மோட்டார் உறுமிக்கொண்டே நின்றால் முதலில் வோல்டேஜ், அடுத்து கெப்பாசிட்டர். அதற்குப் பிறகுதான் வைண்டிங்கைச் சந்தேகிக்கலாம். ஆர்மர்டு கேபிளின் இரும்புக் கம்பியை முன்பே நீக்காவிட்டால் பிளேடு அன்றோடு போச்சு.

துணிக் கையுறை வேண்டாம், நூல் ரோலரில் சிக்கினால் கையும் கூடவே போகும். தளர்ந்த சட்டைக் கை, துப்பட்டா எல்லாம் அதே கணக்கு. ரிவர்ஸ் ஸ்விட்ச் உள்ள மெஷினுக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். சிக்கின ஒயரைப் பிடித்து இழுக்கும் வேலை மிச்சம். ஒரு அடிக்குக் குறைந்த துண்டுகளை விரலால் தள்ளாதீர்கள், அடுத்து விடப்போகும் நீள ஒயரின் முனையால் தள்ளுங்கள். அதுவும் முடியாத அளவு குட்டையாக இருந்தால் தோலோடு மூட்டையில் போட்டுவிடுங்கள்.